எழுத்தாணிக்குப் பின்: தென்சென்னைப் புறநகரில் மாணவர் கவிதையும் கருவியும்

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை 1931 ஆம் ஆண்டு மே மாதம் மின்ரயில் ஓடத் தொடங்கியபோது, அந்த இருப்புப்பாதைக்குத் தமிழ் இலக்கிய வரலாற்றிலும் ஓர் இடம் உண்டாகும் என்று எவரும் எண்ணியிருக்கமாட்டார்கள். ஆயினும் கிண்டி, பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் ஆகிய நான்கு நிலையங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றின் அருகே வாழ்ந்தவர்களையும் பயின்றவர்களையும் வரிசைப்படுத்தினால், கடந்த நூற்றாண்டில் தமிழ் எழுத்து ஓலையை விட்டு அச்சுக்கும், அச்சை விட்டுக் கணினிக்கும் வந்து சேர்ந்த கதையின் பெரும்பகுதி கிடைத்துவிடும். இலக்கிய வரலாறு எழுதுவோர் பொதுவாகப் புலவரையும் நூலையும் பேசுவர். புலவர் கையிலிருந்த கருவியைப் பேசுவதில்லை. மாணவப் பருவத்துக் கவிதைக்கோ கருவியே பாதி விதி. தன் கவிதை நாலு பேர் கண்ணில் படுமா என்பதை முடிவு செய்யும் ஆற்றல் இளங்கவிஞனிடம் இருந்ததில்லை. அச்சுக்கூடத்தாரிடமும் இதழாசிரியரிடமுமே அது இருந்தது.

இக்கதைக்குத் தோற்றுவாய் தாம்பரத்தில் இல்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனில், உயர்நீதிமன்றத்திற்கு எதிரே இருந்த காலத்திலேயே அது தொடங்கிவிட்டது. 1898 ஆம் ஆண்டு அக்கல்லூரித் தமிழாசிரியர் பணிக்கு நாகப்பட்டினத்திலிருந்து வேதாசலம் என்னும் 21 வயது இளைஞர் வந்தார். நேர்காணல் நடத்தியவர் பரிதிமாற்கலைஞர் எனப் பின்னர் அறியப்பட்ட வி.கோ. சூரியநாராயண சாஸ்திரியார், அவருக்கும் வயது 27 தான். குற்றியலுகரத்திற்கு எடுத்துக்காட்டுக் கேட்டாராம். “அஃது எனக்குத் தெரியாது” என்றாராம் வந்தவர். உடனிருந்தவர்கள் திகைக்க, சாஸ்திரியார் அவரையே தேர்ந்தெடுத்தார் என்பது தமிழாசிரியர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தி. ‘அஃது’ ஆய்தத் தொடர், ‘எனக்கு’ வன்றொடர், ‘தெரியாது’ உயிர்த்தொடர். தெரியாது என்று சொல்லியே தெரிந்ததைக் காட்டிய அந்த விடை உண்மையில் அப்படியே நிகழ்ந்ததோ, பின்னர் மெருகேறியதோ, அக்காலத் தமிழ்க் கல்வியின் சுவையை அது நன்றாகவே காட்டுகிறது.

அந்த வேதாசலமே மறைமலையடிகள். சாஸ்திரியார் தாம் பயின்ற ஆங்கிலக் கவிதையின் பதினான்கு அடிப் பாவடிவத்தைத் தமிழில் பொருத்திப் பார்த்தவர். அப்பாடல்களைத் ‘தனிப்பாசுரத்தொகை’ என்னும் பெயரில், தம் பெயரை மறைத்து, பரிதிமாற்கலைஞர் என்னும் புனைபெயரில் வெளியிட்டார். படிப்பவர் ஆளைப் பார்த்துப் பாராட்டாமல் பாட்டைப் பார்த்து மதிப்பிடட்டும் என்பது அவர் கருத்து. ஜி.யு. போப் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தார். கல்லூரியில் கற்ற பிறமொழி வடிவம், அச்சு, புனைபெயர் ஆகிய மூன்றையும் கருவியாகக் கொண்டு ஓர் இளைஞர் நடத்திய சோதனை அது. 1903 இல் அவர் மறைந்தபோது 34 வயதுகூட நிறைந்திருக்கவில்லை.

மறைமலையடிகள் 1911 இல் கல்லூரிப் பணியை விட்டுப் பல்லாவரத்தில் குடியேறினார். அங்கே அவர் செய்தவற்றுள் தனித்தமிழ் இயக்கமே பெரிதாகப் பேசப்படுகிறது. அதற்கு இணையாகச் சொல்லத்தக்கது அவர் தம் இல்லத்திலேயே அச்சுக்கூடம் வைத்தது. அவருடைய நூல்களின் முகப்புப் பக்கத்தில் பல்லாவரம் டி.எம். அச்சுக்கூடம் என்று காணப்படுவது திருமுருகன் அச்சுக்கூடமே. வடசொல் கலவாத நடையில் எழுதுவேன் என்று ஒருவர் உறுதிபூணலாம். அவ்வுறுதி பிறருடைய அச்சுக்கூடத்தில் நாள்தோறும் பேரம் பேசவேண்டிய ஒன்றாக இருந்தால் நெடுநாள் நிலைப்பது அரிது. எழுத்துக் கோப்பது முதல் மெய்ப்புத் திருத்துவது வரை தம் கண்முன்னே நடந்ததால்தான் அவர் தம் பழைய நூல்களையும் திருத்தித் திருத்தி மறுபதிப்பிட முடிந்தது. அவர் மகள் நீலாம்பிகை அம்மையார் வடசொற்களுக்குத் தமிழ் அகரவரிசை தொகுத்தவர். அவர் வளர்ந்த வீட்டில் நூல் என்பது கடையில் வாங்கும் பொருளாக மட்டும் இருக்கவில்லை. வீட்டிலேயே ஆகும் பொருளாகவும் இருந்தது.

1937 ஆம் ஆண்டு கிறித்தவக் கல்லூரி சேலையூர்க் காட்டுப்புறத்திற்கு, அதாவது இன்றைய கிழக்குத் தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்தது. நகரத்தை விட்டு இவ்வளவு தொலைவு கல்லூரி வருவதற்கு ஆறாண்டுகள் முன்பு வந்த மின்ரயில் துணிவு தந்தது எனலாம். சேலையூர் விடுதி, புனித தோமையர் விடுதி, பிஷப் ஹீபர் விடுதி என மாணவர்கள் வளாகத்திலேயே தங்கிப் பயிலும் முறை அங்கு ஏற்பட்டது. விடுதி வாழ்க்கை இருக்கும் இடத்தில் கையெழுத்துப் பத்திரிகையும் இருக்கும். முத்து முத்தாக எழுதத் தெரிந்த ஒருவன், ஓவியம் தீட்டத் தெரிந்த ஒருவன், இவர்களுக்குக் கவிதை தந்து தொல்லை கொடுக்கும் நாலு பேர், இவ்வளவு போதும். ஒரே ஒரு படி. அது அறை அறையாகச் சுற்றிவரும். அதற்கு அடுத்த படி, மெழுகுத்தாளில் தட்டச்சுச் செய்து மையுருளையில் உருட்டும் சைக்ளோஸ்டைல். நூறு படிகள் எடுக்கலாம், கையெல்லாம் மையாகும். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா உருவாக்கிய தமிழ்த் தட்டச்சுப்பொறி அலுவலகங்களுக்குப் பயன்பட்ட அளவு கவிஞர்களுக்குப் பயன்பட்டதில்லை என்பர். ஆனால் மெழுகுத்தாளில் வெளியான சிற்றிதழ்களைப் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார்.

1959 இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். நூல்களைத் தாமே சுமந்துசென்று கல்லூரி கல்லூரியாக விற்றார். யாப்பை விட்ட புதுக்கவிதை மாணவர்களிடம் பரவியதற்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. அவற்றுள் ஒன்று அதிகம் கவனிக்கப்படவில்லை. வெண்பா காதுக்கு உரியது. அதனை எங்கே மடித்து எழுதினாலும் தளை கெடாது. புதுக்கவிதையோ கண்ணுக்கும் உரியது. வரி எங்கே முறிகிறது என்பதே அதன் யாப்பு. ஆகவே தாளும் இடமும் எழுத்தளவும் கவிதையின் உறுப்புகள் ஆயின. தன் வரிகளை அச்சுக்கோப்பவர் இடம் போதவில்லையென்று சேர்த்துவிட்டால் கவிதையே மாறிப்போகும் என்னும் கவலை, முந்தைய தலைமுறைப் புலவனுக்கு இல்லாத ஒன்று.

இனிக் குரோம்பேட்டை. ஊரின் பெயரே ஒரு தோல் தொழிற்சாலையால் வந்தது. அங்கே சி. ராஜம் என்னும் தொழிலதிபர் தம் உடைமையை விற்று, 1949 இல் சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியை நிறுவினார். சந்தி பிரித்த மலிவுப் பதிப்புகளாகச் சங்க நூல்களை வெளியிட்ட மர்ரே எஸ். ராஜம் வேறொருவர், இருவரையும் குழப்பிக்கொள்வோர் உண்டு. எம்.ஐ.டி. எனப்பட்ட இக்கல்லூரியில் வானூர்தி, மின்னணு, தானியங்கி முதலிய துறைகள் இருந்தன. தமிழ்த்துறை இல்லை. ஆனால் தமிழ்ச் சங்கம் இருந்தது.

இராமேசுவரத்திலிருந்து வந்த ஏ.பி.ஜெ. அப்துல் கலாம் 1950களின் நடுப்பகுதியில் அங்கே வானூர்திப் பொறியியல் பயின்றார். சேர்க்கைக் கட்டணத்திற்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது தமக்கை சோரா தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்த செய்தி பலரும் அறிந்ததே. அதைவிடக் குறைவாகவே அறியப்பட்டது, கல்லூரித் தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில் அவர் கலந்துகொண்டது. நமது விமானத்தை நாமே செய்வோம் என்னும் பொருளில் அவர் தமிழில் கட்டுரை எழுதினார். முதற்பரிசு கிடைத்தது. பரிசை வழங்கியவர் ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன். அறிவியல் தமிழின் எல்லைக்கு வெளியே நின்றுவிடலாகாது என்னும் எண்ணமே தம்மை எழுதத் தூண்டியது என்று கலாம் பின்னர்த் தம் வரலாற்றில் குறித்தார்.

இந்நிகழ்ச்சியைச் சற்று நின்று பார்க்கவேண்டும். பாடம் முழுவதும் ஆங்கிலத்தில் நடந்த கல்லூரி. இறக்கை, உந்துவிசை, காற்றியக்கம் எல்லாம் ஆங்கிலச் சொற்களாகவே செவியில் விழுந்த காலம். வரைபலகையின் முன் நின்று தாழப் பறக்கும் போர் விமானத்திற்கு வடிவம் வரைந்தபோது, வேலை திருப்தியாயில்லை என்று பேராசிரியர் சீனிவாசன் மூன்று நாள் கெடு வைத்து, தவறினால் உதவித்தொகை நிறுத்தப்படும் என்றார்; இரவு பகலாக வரைந்து கலாம் முடித்தார். அதே கைதான் தமிழ்க் கட்டுரையும் எழுதியது. ‘துப்பறியும் சாம்பு’வைப் படைத்த தேவன் 1957 மே மாதம் மறைந்தார். ஆகவே அவர் குரோம்பேட்டைக்கு வந்து ஒரு பொறியியல் மாணவனுக்குப் பரிசளித்தது தம் இறுதி ஆண்டுகளில். நகைச்சுவை எழுத்தாளர் ஒருவர் விமானக் கட்டுரையைத் தேர்ந்தெடுத்தார் என்பதில் தமிழ்ச் சங்கத்தாரின் துணிவும் தேவனின் விரிந்த ரசனையும் தெரிகின்றன. கலாம் பிற்காலத்தில் கவிதைகளும் எழுதினார். அவை கவிதையாக எவ்வளவு தேறும் என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஏவுகணை செய்தவர் தமிழில் கவிதை எழுத வெட்கப்படவில்லை என்பதில் வேறுபாடு இராது.

அதே கல்லூரியில் மின்னணுவியல் பயின்றவர் எஸ். ரங்கராஜன், சுஜாதா என்றால் தெரியாதவர் இல்லை. கலாமும் அவரும் திருச்சி புனித வளனார் கல்லூரியிலேயே உடன்பயின்றவர்கள். மாணவப் பருவத்திலேயே திருச்சி ‘சிவாஜி’ இதழில் சிறுகதை எழுதியவர். பின்னாளில் பெங்களூர் பாரத் மின்னணு நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு எந்திர உருவாக்கத்தில் பங்காற்றினார். கணினி என்பதைக் கண்ணாலும் கண்டிராத வாசகர்களுக்கு வார இதழ்களில் சிலிக்கன் சில்லைப் பற்றி எழுதினார். கதாசிரியராக அவரைக் கொண்டாடியவர்களும் தாக்கியவர்களும் அவருடைய ஒரு பணியைப் போதிய அளவு மதிக்கவில்லை. அது கவிதை வாசகராக அவர் ஆற்றிய பணி. ஐக்கூவைத் தமிழருக்கு அறிமுகப்படுத்தி நூல் எழுதினார், ‘கணையாழி’யின் கடைசிப் பக்கத்தில் இளங்கவிஞர்களின் பெயர்களை எடுத்துக் காட்டினார், மாணவராயிருந்து வளர்ந்த நா. முத்துக்குமாரின் ‘தூர்’ கவிதையை மேடையில் வாசித்து அவையை உருகவைத்தார். கவிதையில் அவர் தேடியது ஒரு பொறியாளர் தேடுவதே: வேலை செய்யாத சொல் ஒன்றும் உள்ளே இருக்கலாகாது. அந்த அளவுகோல் எல்லாக் கவிதைக்கும் பொருந்தாது. ஆனால் சொற்களை வாரி இறைத்துப் பழகிய மாணவர் தலைமுறைக்கு அது தேவையான மருந்தாக இருந்தது.

கணினியில் தமிழ் எழுத்து 1980களில் புலம்பெயர்ந்த தமிழர்களின் ஆர்வத்தால் உருவானது. கனடாவில் கு. சீனிவாசன் ‘ஆதமி’யை 1984 இல் செய்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு’ செயலியை 1985 இல் தொடங்கினார். சிங்கப்பூர்ச் சிறுகதை எழுத்தாளரும் கல்வியாளருமான நா. கோவிந்தசாமி தம் விசைப்பலகை முறைக்குக் ‘கணியன்’ என்று பெயரிட்டார். பூங்குன்றனார் நினைவு அப்பெயரில் இருக்கிறது. 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் குடியரசுத் தலைவர் ஓங் டெங் சியோங், அந்நாட்டு நான்கு மொழிக் கவிதைகளின் தொகுப்பை இணையத்தில் ஏற்றித் தொடங்கிவைத்தார். தமிழ் எழுத்து அவ்வெளியில் முதன்முதல் தோன்றிய நிகழ்வுகளுள் அது ஒன்று. விலைப்பட்டியலாகவோ அரசாணையாகவோ தோன்றாமல், தமிழ் அங்கே கவிதையாகத் தோன்றியது என்பது மகிழத்தக்கது.

சென்னையில் இதற்கு ஊற்றுக்கண்ணாக விளங்கியது கிண்டி. அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்த வா.செ. குழந்தைசாமி நீரியல் அறிஞர். ‘குலோத்துங்கன்’ என்னும் பெயரில் கவிஞர். எழுத்துச் சீர்திருத்தத்தை விடாது வற்புறுத்தியவர். அவரை அடுத்துத் துணைவேந்தரான மு. ஆனந்தகிருஷ்ணன் தமிழ்க் கணிமைக்கு அரசையும் அறிஞரையும் வெளிநாட்டுத் தமிழரையும் ஒரு மேசைக்குக் கொண்டுவந்தார். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டின் பயனாக, தமிழக அரசு அவ்வாண்டே பொதுவான குறியீட்டு முறைகளையும் ‘தமிழ் 99’ என்னும் விசைப்பலகையையும் ஏற்றது. 2001 இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவரானவரும் குழந்தைசாமியே.

அந்த விசைப்பலகையைத் தமிழ் மாணவன் ஒருமுறையாவது பழகிப் பார்க்கவேண்டும். இடக்கைப் பக்கம் உயிர்கள்; வலக்கைப் பக்கம் மெய்கள். ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு தட்டு. ஒரே மெய் இரட்டித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே வந்துவிடும். ங-வுக்குப் பின் க, ஞ-வுக்குப் பின் ச, ண-வுக்குப் பின் ட, ந-வுக்குப் பின் த, ம-வுக்குப் பின் ப, ன-வுக்குப் பின் ற வந்தாலும் அவ்வாறே. இலக்கணம் இன எழுத்து என்று வகுத்ததை இயந்திரத்துக்குக் கற்பித்திருக்கிறார்கள். பழைய தட்டச்சுப்பொறியில் ‘கொ’ என்பது கொம்பு, ககரம், கால் என்னும் மூன்று வடிவங்களின் கோவை. கண்ணுக்குத் தெரிந்த வரிசையில் தட்டவேண்டும். புதிய முறையில் ககரமெய்யும் ஒகர உயிரும் கூடி உயிர்மெய் ஆகின்றன. வாயில் பிறக்கும் வரிசையில் விரல் செல்கிறது. அன்று நேர்காணலில் குற்றியலுகரம் கேட்ட சாஸ்திரியார் இதைப் பார்த்திருந்தால் மிகவும் மகிழ்ந்திருப்பார்.

ஆயினும் மாணவர்களிற் பெரும்பாலோர் இதைப் பழகவில்லை. ஆங்கில எழுத்தில் ஒலிப்படி தட்டினால் தமிழாக மாற்றித்தரும் முறை எளிது, ஏற்கெனவே கைப்பழக்கமானது. ஒருங்குறி பரவி, 2010 இல் தமிழக அரசும் அதனை ஏற்று, 2013 இல் ஐபோனிலேயே தமிழ் விசைப்பலகைகள் உள்ளமைந்து வந்தபின், தாம்பரம் ரயிலில் நின்றுகொண்டே ஒருவன் கவிதை எழுதிவிட முடிகிறது. அதை அவனே அழகிய எழுத்தில் அமைக்கிறான். பின்னணியில் தான் எடுத்த ஏரிப் படத்தை வைக்கிறான். தன் குரலிலேயே வாசித்துப் பதிவு செய்கிறான். பல்லாவரத்தில் மறைமலையடிகள் பெரும்பாடுபட்டு அமைத்த அச்சுக்கூடம் அவன் சட்டைப்பையில் இருக்கிறது. கையெழுத்துப் பத்திரிகைக்குத் தேவைப்பட்ட எழுத்தனும் ஓவியனும் கவிஞனும் ஒருவனே ஆகிவிட்டான்.

இதனால் கவிதை வளர்ந்ததா? குரல் மீண்டும் கவிதைக்குள் வந்தது பெரும் பயன். புதுக்கவிதை கண்ணுக்குக் கொடுத்ததைக் காது திரும்பப் பெறுகிறது. தன் வரியைத் தானே வாசித்துக் கேட்கும் மாணவன், எங்கே நா தடுக்குகிறது என்பதை எந்த ஆசிரியரும் சொல்லாமலே அறிகிறான். அடித்துத் திருத்துவதற்கு அஞ்சவேண்டியதில்லை. பத்து வடிவங்களை வைத்து ஒப்பிடலாம். ஆனால் ஒற்று மிகுமிடம் தெரியாத கையும், சொல்லைத் தானே எடுத்துக்கொடுக்கும் கருவியும் சேர்ந்தால், எல்லோர் கவிதையிலும் அதே இருபது சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. தூண்டுவோரும் தடுப்போரும் அற்ற இடத்தில் கவிதை எழுதியவுடனே வெளியாகிவிடுகிறது. தமிழ்ச் சங்கப் போட்டிக்குக் கட்டுரை தந்த கலாம் ஒரு தேவன் படிக்கப்போகிறார் என்று அறிந்தே எழுதினார். அப்படிப் படிக்கும் ஒருவரை ஏற்படுத்தித் தருவது எந்தக் கருவியாலும் ஆகாத காரியம். கல்லூரி மன்றங்களும் இலக்கிய வட்டங்களும் செய்யவேண்டியது.

மற்றொரு கவலை பழைய கவிதைகளைப் பற்றியது. 1990களில் கல்லூரி மலர்களும் மாணவர் தொகுப்புகளும் கணினி அச்சுக்கு மாறியபோது ஒவ்வொரு நிறுவனத்தின் எழுத்துருவும் ஒவ்வொரு விதமாகத் தமிழை அடுக்கியது. ஒன்றில் ககரம் இருந்த இடத்தில் மற்றொன்றில் ணகரம். ஒரு கணினியில் கவிதையாயிருந்தது அடுத்த கணினியில் பொருளற்ற குறிகளாகக் கொட்டியது. எழுத்துருவின் பெயர் தெரிந்தால் மாற்றிகளைக் கொண்டு இன்றும் ஒருங்குறிக்குக் கொண்டுவரலாம். விடுதிக் கையெழுத்துப் பத்திரிகை ஒன்று கரையானுக்குத் தப்பியிருந்தால், ஐம்பது ஆண்டுக்குப் பின்னும் விளக்கு வெளிச்சமே போதும், படித்துவிடலாம். 1996 இன் நெகிழ்வட்டுக்கு அதைச் செலுத்தும் பெட்டி வேண்டும், அக்காலச் செயலி வேண்டும், அந்த எழுத்துரு வேண்டும். அலமாரிகளின் அடியில் அத்தகைய வட்டுகள் இன்னும் கிடைக்கின்றன. மேலே ஒட்டிய சிறு தாளில் ஆண்டுமலர் என்றோ கவிதைகள் என்றோ மாணவன் கையெழுத்தில் எழுதியிருக்கும். எழுத்துருவின் பெயர் எழுதியிராது.